பெருநாள் பையில் வந்த துண்டுகள்: எது எந்தப் பகுதி, எதை எப்படிச் சமைப்பது?

சகோதரி, உங்கள் கேள்வியை ஆறுதலாக இரண்டு தடவை வாசித்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சம்மாந்துறையில் உங்கள் வீட்டுக்கு வந்த உழ்ஹிய்யா (குர்பானி) இறைச்சியில் மூன்று விதமான துண்டுகள் இருந்தன. ஒன்று தட்டையானது, ஒரு பக்கம் கொழுப்பு ஒட்டியிருந்தது. இன்னொன்று உருண்டையானது, வெட்டுமுகத்தில் வெள்ளைச் சவ்வு வளையம் வளையமாகத் தெரிந்தது. மூன்றாவது கொழுப்பே இல்லாத பெரிய சதைக் கட்டி. மூன்றையும் ஒரே சட்டியில் போட்டு மூன்று மணி நேரம் அவித்தீர்கள். முதலாவது நன்றாக இளகிவிட்டது, இரண்டாவது இன்னும் இழுத்தது, பார்க்க மிக நல்லதாக இருந்த மூன்றாவதோ தும்பு தும்பாகப் பிரிந்து தொண்டையில் நின்றது. காணொளிகளில் சொல்லும் பிரிஸ்கெட், சக், சர்லோயின் என்பவற்றை எங்கள் கடைகளில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்றும், எங்கள் ஊர் மாட்டிறைச்சியில் ஸ்டேக் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது பெயர்களைத்தான். ஆனால் உங்களை உறுத்திக்கொண்டிருப்பது வேறு: ஒரே மாடு, ஒரே அடுப்பு, ஒரே நேரம், அப்படியிருக்க ஏன் இந்த வித்தியாசம்? அதற்குப் பதில் கிடைத்தால் பெயர் தெரியாத எந்தத் துண்டையும் நீங்களே பார்த்து முடிவெடுக்கலாம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கல்முனையில் வாப்பாவின் இறைச்சிக் கடையில் கத்தி பிடித்துப் பழகியவன். பிறகு பல வருடங்கள் வளைகுடா நாடொன்றில், ஒரு பெரிய ஹோட்டலின் இறைச்சி வெட்டும் பிரிவில் வேலை செய்தேன். அவுஸ்திரேலியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் காற்று நீக்கிய பொதிகளில் வரும் இறைச்சியைப் பெயர் பெயராகப் பிரித்து வெட்டுவதை அங்கேதான் கற்றேன். அதனால் இரண்டு முறையும் எனக்குப் பழக்கம். நான் மிருக வைத்தியரோ மருத்துவரோ அல்லன். உடல்நலம் பற்றிய கேள்விகளை அவர்களிடமே கேளுங்கள். இன்னொன்று, நான் இங்கே பயன்படுத்தும் சொற்கள் கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் புழங்குபவை. ஏறாவூரிலோ ஓட்டமாவடியிலோ கடைக்காரர் வேறு சொல் சொல்லலாம். சொல் மாறினாலும் சதை மாறாது.

மாடு நின்றபடி மேயும், நடக்கும், தலையைத் தாழ்த்தும், உயர்த்தும். கால்களும் கழுத்தும் நெஞ்சும் இடைவிடாமல் வேலை செய்கின்றன. முதுகெலும்பை ஒட்டி, விலாவின் பின்பாதியிலிருந்து இடுப்பு வரை ஓடும் சதைக்கு அவ்வளவு வேலை இல்லை. வேலை செய்யும் சதையில் நார்களைக் கட்டிப் பிடிக்கும் வெள்ளைச் சவ்வு அதிகம். வேலை செய்யாத சதையில் அது குறைவு. இந்தச் சவ்வில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரதம். பச்சையாகவும் அரைவேக்காட்டிலும் அது மெல்ல முடியாத அளவுக்கு இறுக்கமானது. ஆனால் ஈரத்தோடு நீண்ட நேரம் சூடு பட்டால் ஜெலட்டினாக மாறி, குழம்பைத் தடிப்பாக்கி, சதையை வழுவழுப்பாக்குகிறது. இந்த மாற்றம் 70 பாகை செல்சியஸைத் தாண்டிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் நடக்கும். அப்போதும் மணிக்கணக்கில் நேரம் எடுக்கும்.

சதை நாரின் கதை நேர்மாறானது. 60 பாகையைத் தாண்டும்போதே அது சுருங்கித் தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியே தள்ளத் தொடங்கிவிடும். எவ்வளவு நேரம் அவிக்கிறோமோ அவ்வளவு வறளும். ஆகவே சவ்வு நிறைந்த துண்டை நீண்ட நேரம் அவித்தால், நார் வறண்டாலும் கரைந்த ஜெலட்டின் அந்த வறட்சியை மூடிவிடுகிறது. சவ்வும் கொழுப்பும் இல்லாத துண்டை அப்படி அவித்தால் மூடுவதற்கு எதுவும் இல்லை. உங்கள் மூன்றாவது துண்டுக்கு நடந்தது இதுதான். நல்ல இறைச்சி என்று நினைத்துப் பிழையான சமையலுக்குள் போட்டிருக்கிறீர்கள். இறைச்சியிலும் குறை இல்லை, உங்கள் கையிலும் குறை இல்லை.

இப்போது துண்டுகளுக்கு வருகிறேன். முதலாவது, தட்டையாகக் கொழுப்போடு வந்தது, நெஞ்சுப் பகுதி என்றே நினைக்கிறேன். காணொளிக்காரர்கள் பிரிஸ்கெட் என்பது இதைத்தான். மாட்டுக்குக் காறை எலும்பு இல்லை. உடற்பாரத்தில் பாதிக்கு மேல் தாங்கும் முன்பகுதியை உடலோடு இணைத்து வைத்திருப்பது சதையும் சவ்வும்தான். அந்தப் பாரத்தில் நெஞ்சுச் சதைக்கும் பங்கு உண்டு. அதனால் அது கொலாஜன் நிறைந்தது, நடுவே கொழுப்பு அடுக்கும் உண்டு. இரண்டு சதைத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் கொழுப்போடு, நார்கள் வெவ்வேறு திசையில் ஓடுவதைக் கண்டால் சந்தேகமே வேண்டாம், அது நெஞ்சு. மெல்லியதாக, ஒரே திசையில் தடித்த நார்கள் நீளமாக ஓடினால் அது வயிற்றுப் பக்கத்துச் சதை. வெளிநாட்டில் பிளாங்க் என்பார்கள். அதைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி அதிக சூட்டில் விரைவாக வறுக்கலாம். நெஞ்சை அப்படிச் செய்ய முடியாது. நெஞ்சுக்கு மூடிய சட்டி, மெல்லிய தீ, மூன்று மணி நேரம். அதற்குக் குறுக்கு வழி பிரஷர் குக்கர் மட்டும்தான்.

இரண்டாவது கெண்டைக்கால், அதாவது முழங்காலுக்குக் கீழே உள்ள சதை. ஆங்கிலப் பெயர்களில் ஷின் அல்லது ஷாங்க். மாட்டின் உடலில் சவ்வு மிக அதிகமுள்ள சதைகளில் இது ஒன்று. சின்னச் சின்னத் தசைகள் பல, ஒவ்வொன்றும் தனித்தனி வெள்ளை உறைக்குள். நீங்கள் கண்ட வளையங்கள் அவைதான். ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை உறைகள் பாதி ஒளி ஊடுருவும் நிறத்தில் ஈரமாக மின்னும். சமைத்து முடிந்ததும் அதே இடம் தெளிந்த ஜெல்லியாக இருக்கும், கரண்டியால் அழுத்தினால் வழுக்கும். அந்த நிலை வரும்வரை அடுப்பை அணைக்கக் கூடாது. மூன்று மணி நேரத்தில் இழுத்தது என்றால் மாடு வயதானது, இன்னும் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். பொறுமையுள்ளவர்களுக்கு என் கணக்கில் மாட்டிலேயே மிகச் சுவையான துண்டு இதுதான். சூப்புக்கும், பெருஞ்சீரகம் தூக்கலாகப் போட்ட எலும்பு ஆணத்துக்கும் (குழம்புக்கும்) இதற்கு மேல் ஒன்றும் இல்லை. தொடைச் சதையை விரும்பிக் கேட்டு வாங்கிக் கொண்டு கெண்டைக்காலை வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களைக் கடையில் காணும்போது எனக்கு மனம் ஆறுவதே இல்லை.

மூன்றாவது பின்னந்தொடை. அதில் நாலு பெரிய கட்டிகள் உண்டு. உள்தொடைக் கட்டி டாப்சைட். வெளிப்புறக் கட்டி சில்வர்சைட், அதன் ஒரு பக்கத்தில் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் தடித்த சவ்வு இருக்கும். அதை ஒட்டியே உருளையாக ஒரு சதை. முழங்காலுக்கு மேலே முன்புறத்தில் உருண்டையாக இன்னொன்று. எல்லாமே கொழுப்பற்ற சதை. எங்கள் கடைகளில் தனி இறைச்சி என்று எலும்பில்லாமல் தருவதில் பெரும்பகுதி இதுதான். இதற்கு மூன்று நல்ல வழிகள் உள்ளன. ஒன்று, நாருக்குக் குறுக்கே சிறு துண்டுகளாக வெட்டி, கொதிக்கவிடாமல் மெல்லத் துடிக்கும் சூட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வைத்து ஆணமாக்குவது. இரண்டு, அரை மணி நேரம் பிரீசரில் வைத்துச் சற்று இறுகியதும் தாளாகச் சீவி, வெங்காயம், மிளகுத்தூளோடு தாச்சியில் விரைவாக வறுப்பது. மூன்று, அரைத்து கட்லட், ரோல்ஸ், சமோசாவுக்கு எடுப்பது. ஏற்கனவே வறண்டுபோனது உங்கள் பிரீசரில் மிச்சம் இருந்தால் எறிய வேண்டாம். கையால் பிய்த்து, குழம்பிலேயே பிரட்டி, தேங்காய் முதற்பால் சேர்த்து வற்றவிட்டால் ரொட்டிக்குள் வைக்கவும் கொத்துக்குப் போடவும் அருமையாக இருக்கும்.

பெருநாள் பையில் இப்படி எல்லாம் கலந்து வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம். பங்குகள் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தொடை, நெஞ்சு, விலா, கால், எலும்பு எல்லாவற்றையும் வெட்டிக் கலந்து நிறுத்துப் பிரிக்கிறார்கள். நியாயமான முறை. ஆனால் சமைப்பவருக்கு அது நாலைந்து விதமான இறைச்சி ஒரே பையில் வந்தது போன்றதுதான். ஆகவே பை வந்தவுடன் பெரிய தட்டத்தில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். வெள்ளைச் சவ்வும் கொழுப்பும் தெரிகிறவை ஒரு பக்கம், அவை நீண்ட நேரம் அவிக்க வேண்டியவை. வெறும் சிவப்புச் சதை இன்னொரு பக்கம், அது குறைந்த நேரத்துக்கு. எலும்பும் மூட்டும் சவ்வுத் துணுக்குகளும் மூன்றாம் பக்கம், சூப்புக்கு. ஒவ்வொன்றையும் தனிப் பையில் எழுதி வையுங்கள். இந்தப் பத்து நிமிட வேலை பிறகு உங்களுக்கு எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிரிக்கும்போது ஒன்றை அடையாளம் கண்டு எறிந்துவிடுங்கள். கழுத்துத் துண்டுகளில் விரல் தடிப்பில் மஞ்சள் நிற நார் ஒன்று ஓடும். மாடு தலையைத் தாங்குவதற்கு உதவும் நார் அது. அது கொலாஜன் அல்ல, இலாஸ்டின். எத்தனை மணி நேரம் அவித்தாலும், குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் அது இளகவே இளகாது. முதுகுச் சதையின் மேலும் சில தொடைக் கட்டிகளின் மேலும் படர்ந்திருக்கும் மினுங்கும் வெள்ளிச் சவ்விலும் இந்தச் சரக்கு கலந்திருக்கிறது. விரைவாக வறுக்கும் துண்டில் அதைக் கத்தி நுனியால் கிளப்பிச் சீவி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் சுருங்கித் துண்டையே வளைத்துவிடும். கழுத்தின் மற்றச் சதை நல்ல சதை. கெண்டைக்காலைப் போலவே நடத்துங்கள்.

வெளிநாட்டுப் பெயர்களை முழுவதும் மனனம் செய்ய வேண்டாம், நான்கைந்து போதும். சக் என்பது கழுத்தின் அடியிலிருந்து தோள்பட்டை வரையான பகுதி. கொழுப்பும் சவ்வும் சதையும் கலந்தது, ஆணத்துக்கும் பிரியாணிக்கும் இதுவே முதல் தெரிவு. தோள்பட்டை எலும்பின் மேல் படிந்த ஒரு சதை இருக்கிறது. குறுக்கே வெட்டினால் நட்டநடுவில் தடித்த வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டை நீக்கிவிட்டால் இரண்டு பக்கமும் கிடைப்பது மாட்டிலேயே இரண்டாவது மென்மையான சதை. இதைத் தனியாகப் பிரித்தெடுத்து ஸ்டேக்குக்கு விற்கலாம் என்று பிரபலமாக்கியவர்கள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா, புளோரிடா பல்கலைக்கழகங்களின் இறைச்சி ஆய்வாளர்கள். பிளாட் அயர்ன் என்ற பெயரில் அது இப்போது உலகமெங்கும் விற்கிறது. எங்கள் கடைகளில் அது ஆணத்துக்கான சாதாரண இறைச்சியோடு வெட்டிக் கலக்கப்படுகிறது. சர்லோயின் விடயத்தில் மட்டும் எச்சரிக்கை. பிரித்தானியர் சர்லோயின் என்பது இடுப்புக்கு முன்னே முதுகில் உள்ள மென்மையான பகுதி. அமெரிக்கர் அதே சொல்லை அதற்குப் பின்னே உள்ள இடுப்புப் பகுதிக்குச் சொல்கிறார்கள், அதைப் பிரித்தானியர் ரம்ப் என்பார்கள். காணொளிக்காரர் எந்த நாட்டவர் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அண்டர்கட் என்று எங்கள் கடைகளில் சொல்வது, வெளியில் பில்லட் அல்லது டெண்டர்லோயின் எனப்படுவது. முதுகெலும்பின் உட்புறத்தில், ஒரு மாட்டில் இரண்டே இரண்டு இருக்கும்.

இந்த அண்டர்கட் என்று நினைத்துப் பலர் வாங்கி ஏமாறுவது தொடையில் நான் சொன்ன அந்த உருளைச் சதையை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அண்டர்கட் ஒரு முனை தடித்து மறுமுனை வால்போல ஒடுங்கும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், நார் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்மையானது. உருளைச் சதை இரு முனையும் ஏறக்குறைய ஒரே தடிப்பு, நிறம் சற்று வெளிறியது, நார் தெளிவாகத் தெரியும், அழுத்தினால் எதிர்த்து நிற்கும். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாங்குகிறவர் கைகாட்டிக் கேட்டதை அவர் வெட்டித் தருகிறார்.

காணொளியில் சொல்லும் நேரக் கணக்கை அப்படியே பின்பற்றினால் ஏன் சரிவருவதில்லை என்பது அடுத்தது. அவர்களுடைய மாடு பெரும்பாலும் இளவயதில், தானியம் தின்று, சதைக்குள்ளேயே கொழுப்புக் கோடுகள் படர்ந்து, அறுத்த பின் குளிரறையில் நாட்கணக்கில் தொங்கியது. எங்கள் பட்டி மாடுகள் மாதவணை, மயிலத்தமடுப் பக்கத்து மேய்ச்சல் தரைகளிலும், அறுவடை முடிந்த வட்டைகளிலும் நடந்து திரிந்து புல் மேய்பவை. சதைக்குள் கொழுப்பு குறைவு, வயது அதிகம். வயது ஏற ஏற கொலாஜன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் கூடி, கரைய மறுக்கும். ஆகவே அவர்கள் சொல்லும் நேரத்தை விடக் கூடுதலாக வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதை மாட்டைக் காணாமல் யாராலும் சொல்ல முடியாது. சரியாக நிமிடக் கணக்கு சொல்கிறவரை நம்பாதீர்கள். என் பழக்கத்தில், ஊர் மாட்டின் கெண்டைக்காலுக்கு மூடிய சட்டியில் மூன்றரை முதல் நாலு மணி நேரம், பிரஷர் குக்கரில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். குக்கருக்குள் சூடு 120 பாகை வரை ஏறுவதால்தான் நேரம் குறைகிறது. கடிகாரத்தை விட முள்ளுக்கரண்டியை நம்புங்கள். குத்தித் திருப்பினால் எதிர்ப்பில்லாமல் திரும்ப வேண்டும்.

ஒரு மணி நேரம் அவித்துப் பார்த்துவிட்டு ரப்பர் என்று கைவிடுகிறவர்கள் அதிகம். சவ்வுள்ள துண்டுகளுக்கு அந்த ஒரு மணிநேரப் புள்ளிதான் மிக மோசமானது. நார் சுருங்கி முடிந்திருக்கும், சவ்வு கரையத் தொடங்கியிருக்காது. அங்கே நிறுத்தினால் தோல்வி. அதைத் தாண்டிப் போனால்தான் இளகும்.

மாட்டின் வயதைக் கடையிலேயே ஓரளவு கணிக்கலாம். இளமாட்டின் முதுகெலும்பு வெட்டுமுகம் சிவந்து நுண்துளைகளோடு இருக்கும், எலும்பு நுனிகளில் குருத்தெலும்பு வெள்ளையாகத் தெரியும். வயதான மாட்டில் எலும்பு வெளுத்துக் கடினமாகி, குருத்தெலும்பும் எலும்பாகியிருக்கும். சதையின் நிறமும் கருஞ்சிவப்பாகி, நார் பருக்கும். மஞ்சள் கொழுப்பைக் கண்டு கெட்ட இறைச்சி என்று பயப்பட வேண்டாம். புல்லிலுள்ள கரோட்டின்தான் அந்த நிறத்தைத் தருகிறது. அது மேய்ச்சல் மாட்டின் அடையாளம்.

அன்றன்று அறுத்த இறைச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மடுவத்தில் அதிகாலையில் அறுத்த மாடு காலையிலேயே கடையில் தொங்குகிறது. அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைக்கத் தொடங்கி, அரை நாள் முதல் ஒரு நாளுக்குள் முழுமையாக இறுகும். அதன் பிறகு சதையிலேயே உள்ள நொதியங்கள் மெல்ல அதை இளக்கும். ஆகவே வாங்கியதும் வீட்டுக்கு ஓடிவந்து பிரீசரில் திணிப்பது இறைச்சிக்கு நல்லதல்ல. விறைப்பு வருவதற்கு முன் உறைநிலைக் குளிர் பட்டால் நார் பலமாகச் சுருங்கிவிடும், பிறகு அது இளகுவது கடினம். இது நிச்சயமாக நிரூபணமான விடயம். வீட்டில் எவ்வளவு வித்தியாசம் தெரியும் என்பது, அறுத்து எத்தனை மணி நேரத்தில் வாங்கினீர்கள், துண்டு எவ்வளவு பெரியது என்பவற்றைப் பொறுத்தது. என் வழி, கழுவாமல், மூடிய பாத்திரத்தில், குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள் வைத்து, பிறகு சமைப்பது அல்லது பிரீசரில் வைப்பது. அறை வெப்பத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். எங்கள் வெயிலில் கிருமி பெருக அதிக நேரம் வேண்டியதில்லை. போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் இறைச்சிக் கடைகள் மூடியிருப்பதால் முதல்நாளே வாங்கி வைப்பது எப்படியும் வழக்கம். அந்த ஒரு நாள் காத்திருப்பு இறைச்சிக்கு நன்மைதான் செய்கிறது.

இறைச்சியை இளக்கும் கைமுறைகள் பற்றிப் பலரும் கேட்பார்கள். பப்பாசிக்காய் உண்மையாகவே வேலை செய்கிறது. அதிலுள்ள நொதியம் புரதத்தை அறுக்கும், சமைக்கும்போது சூடேற ஏற அதன் வேகம் கூடும். ஆனால் அது மேற்பரப்பில்தான் வேலை செய்யும். அதிகம் போட்டாலோ இரவு முழுக்க ஊறவிட்டாலோ வெளிப்புறம் மாவாகி, உள்ளே இறுக்கம் அப்படியே இருக்கும். ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி அரைத்த காய், அரை மணி முதல் ஒரு மணி நேரம், போதும். அன்னாசிக்கும் இதே தன்மை உண்டு. வினாகிரி, கொறுக்காய்ப்புளி, தக்காளி போன்ற புளிப்புகள் சவ்வு இளகச் சற்று உதவுகின்றன என்று நினைக்கிறேன், ஆனால் இது பப்பாசி அளவுக்கு உறுதியான விடயம் அல்ல. சுவைக்காகப் போடுங்கள். சட்டிக்குள் கரண்டியோ பாக்கோ போட்டால் சீக்கிரம் வேகும் என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை, பலனும் கண்டதில்லை. முதலிலேயே உப்புப் போட்டால் இறைச்சி இறுகும் என்பதும் சரியல்ல. முன்கூட்டியே உப்புப் பிரட்டி வைத்தால் உள்ளே வரை சுவை ஏறுகிறது. எண்ணெயில் வதக்கி நிறமேற்றுவது சாறை உள்ளே அடைத்து வைக்கும் என்று சொல்வதும் பிழை. அது மணத்துக்காகச் செய்வது, அதற்காகவே அவசியம் செய்ய வேண்டும். கறுவா, ஏலம், கராம்பு, ரம்பை, உள்ளி, இஞ்சி வதங்கிய பிறகு இறைச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நிறம் பிடிக்கவிடுங்கள். பிறகு வறுத்த தூள், பிறகு இரண்டாம் பால் அல்லது வெந்நீர், அதுவும் இறைச்சி மூழ்காத அளவு. முதற்பாலை முதலிலேயே ஊற்றினால் மூன்று மணி நேரக் கொதியில் திரிந்துவிடும், கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் எப்படிக் கேட்பது என்றால், பகுதியின் பெயரைச் சொல்லாதீர்கள், சமையலைச் சொல்லுங்கள். இறைச்சி வெட்டும் புளியங்குற்றிக்குப் பின்னால் நிற்கிறவர் தினமும் மாடு பிரிப்பவர். "நானா, சூப்புக்குக் கெண்டைக்கால் எலும்போடு", "பிரியாணிக்குத் தோள்பட்டைப் பக்கம், கொஞ்சம் கொழுப்போடு", "ரோல்ஸுக்கு அரைக்கத் தொடை" என்று சொன்னால் அவருக்கு எல்லாம் புரியும். துண்டுகளைக் கோடரியால் கொத்த வேண்டாம், சதையைக் கட்டியாகவே தாருங்கள், வீட்டில் வெட்டிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். கட்டியாக வந்தால்தான் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்துக் குறுக்கே வெட்ட முடியும், எலும்புச் சிராய்களும் சதைக்குள் புகாது. கூட்டம் கூடுவதற்கு முன் போனால் கடைக்காரருக்கும் கேட்டுத் தர நேரம் இருக்கும்.

உள்ளுறுப்புகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பையில் வந்திருக்கும் என்பதால் சுருக்கமாக. ஈரலுக்குச் சில நிமிடங்களே போதும், கூடினால் கட்டை. வெட்டும்போது பித்தக் குழாய்கள் தடித்துக் கல்லாகி, உள்ளே இலை வடிவப் புழு தெரிந்தால் அந்த ஈரலை எடுக்காதீர்கள். சதுப்பிலும் குளக்கரையிலும் மேயும் மாடுகளில் அது வரும். நாக்கை முழுதாக மூன்று மணி நேரம் அவித்து, சூடு ஆறுவதற்குள் தோலை உரிக்க வேண்டும், ஆறிவிட்டால் உரியாது. பாபத் மாட்டின் வயிற்று அறைகளிலிருந்து எடுப்பது. தேன்கூட்டு வடிவில் இருப்பது இரண்டாவது அறை, அதுவே சுவையானது. வால் முழுவதும் ஜெலட்டின்தான், கெண்டைக்காலின் கணக்கிலேயே சமையுங்கள்.

கடைசியாக ஸ்டேக். செய்யலாம், இரண்டு துண்டுகளில் மட்டும். ஒன்று அண்டர்கட். ஹோட்டல்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பதால் நீங்களும் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். மற்றது தோள்பட்டையின் அந்த வெள்ளைக் கோட்டுச் சதை. அதற்குப் போட்டி இல்லை, ஆணத்துக்கான இறைச்சியின் விலைக்கே கிடைக்கும். "தோள்பட்டை எலும்பின் மேல் சதையை முழுதாகக் கழற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள். வீட்டில் நடுக்கோட்டின் மேற்பக்கமாகக் கத்தியைப் படுக்கவைத்து ஓட்டி ஒரு பாதியையும், திருப்பி மறுபாதியையும் எடுத்து, நடுச் சவ்வைச் சூப்புப் பைக்குள் போடுங்கள். குளிர்சாதனப்பெட்டியில் இரண்டு நாள் வைத்த சதை என்றால் இன்னும் நல்லது. உப்பைச் சமைப்பதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன் தடவி, ஈரத்தை நன்றாகத் துடைத்து, புகை வரும் அளவுக்குச் சூடான இரும்புத் தாச்சியில் இரண்டு விரல் தடிப்புத் துண்டைப் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் வாட்டுங்கள். காணொளியில் காட்டுவதுபோல உள்ளே பச்சையாக விடும்படி நான் சொல்ல மாட்டேன். கடையில் திறந்த வெளியில் தொங்கி, பல கைகள் பட்ட இறைச்சி அது. உள்வெப்பம் குறைந்தது 63 பாகையைத் தொட்டு, நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும்போது இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். அரைத்த இறைச்சிக்கு அந்த இளஞ்சிவப்பும் கூடாது, 71 பாகை வரை முழுவதும் வேக வேண்டும். ஆறிய ஸ்டேக்கை நாருக்குக் குறுக்கே, சற்றுச் சாய்த்து, அரை விரல் தடிப்பில் வெட்டிப் பரிமாறுங்கள். தோள்பட்டைச் சதையில் நார் துண்டின் நீளவாக்கில் ஓடும், அதனால் குறுக்கு எது என்று கண்டுபிடிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது.